வரிசை மாறி விழித்த பெட்டி

சுவர் முழுக்கக் கால்கள் தொங்கின.

முழங்காலுக்குக் கீழே பொருத்துகிறவை ஒரு வரிசை, தொடையோடு சேர்ந்தவை ஒரு வரிசை, மூலையில் முழங்கை நீளம்கூட இல்லாத குழந்தைக் கால்கள். வாசலிலேயே நின்றுவிட்ட வாயாடி, "மாமா, கொலையே நடக்காத கேஸ்ல இவ்வளவு உறுப்புகளை நான் பார்த்ததே இல்ல" என்றாள்.

"எனக்கும் ஒரு ஜோடி கேட்டு வை" என்றார் துப்பறிவாளர். இரண்டு மாடி ஏறியதில் அவருடைய சொந்த முழங்கால்கள் இரண்டும் ராஜினாமா செய்துவிட்டன.

வாயாடி அவருடைய அக்கா மகள். வாய் ஓயாததால் வீட்டில் வைத்த பெயர், தொழிலிலும் ஒட்டிக்கொண்டது. முன்பு கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் இருந்தாள். வருகிறவர்களிடம், "இதைத் தூக்கிப் போடுங்க" என்று உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்ததால் கடைக்காரர் கைகூப்பி அனுப்பிவிட்டார். அப்போது சேர்த்துக்கொண்டவர்தான் மாமா.

சில மாதங்களாக அவருக்குத் தொழிலே அலுத்துப்போயிருந்தது. குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்தால் ஒரு வீட்டில் அழுகை. பிடிக்காவிட்டால் இன்னொரு வீட்டில் அழுகை. காலையில் கண்மூடி வேண்டிக்கொள்ளும்போது அவர் தெய்வத்திடம் கேட்பது ஒன்றுதான்: இன்றைக்கு ஒரு நாளாவது யாரும் கெட்டவராக இல்லாமல் இருக்கட்டும். அந்த வேண்டுதல் அண்மையில் பலித்ததாக ஞாபகம் இல்லை.

செயற்கைக் கால் செய்யும், வீட்டோடு சேர்ந்த அந்தப் பட்டறையை நடத்துகிற முதலாளியம்மா அவர்களை அலுவலக அறைக்கு அழைத்துப்போனார். அவருடைய இடது காலும் இதே பட்டறையில் செய்ததுதான். நடையில் தெரியாது. நாற்காலியில் உட்காரும்போது மட்டும் ஒரு சின்ன 'டக்' கேட்கும்.

விஷயத்தை அவர் சுருக்கமாகச் சொன்னார். வருகிறவர்களின் மிஞ்சிய காலை ஒரு கருவி சுற்றிப் பார்த்து, அதன் வடிவத்தை அப்படியே கம்ப்யூட்டரில் போட்டுவிடும். அந்த அளவை வைத்துத்தான் காலைப் பொதிந்துகொள்ளும் கிண்ணம் செய்கிறார்கள். வளர்கிற பிள்ளைகளுக்குப் பழைய அளவுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அடுத்தது சரியாக அமையும். அப்படிச் சேர்த்ததில் கடைசி இரண்டு வருட அளவுகள் மொத்தமும் திங்கட்கிழமை காலையில் காணாமல் போயிருந்தன. பட்டறையில் அளவெடுக்கிறவர் ஒரே ஒருவர். பக்கத்து நகரத்துப் பெரிய நிறுவனம் ஒன்று தன்னை வேலைக்குக் கூப்பிடுவதாக அந்த அளவுக்காரர் முந்தின வெள்ளிக்கிழமைதான் சொல்லியிருந்தார்.

"யார் எடுத்தான்னு கண்டுபிடிக்க உங்களக் கூப்பிடல. அது எனக்கே தெரியும்" என்றார் முதலாளியம்மா. "எங்க கொண்டுபோய்க் கொடுத்தான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. சாயங்காலம் அவனைப் போலீஸ்ல ஒப்படைக்கப் போறேன். அதுக்கு முன்னால பிள்ளைங்க அளவு திரும்பி வந்தாப் போதும்."



அளவுக்காரர் பட்டறையின் நடுவே, புதுக்கால் போட்டவர்கள் பிடித்து நடந்து பழகும் இரட்டைக் கம்பிகளுக்கு நடுவில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். முப்பதைத் தாண்டிய ஆள். புருவத்தில் மாவுக்கட்டுத் தூள். இரண்டு பக்கமும் கம்பி இருந்ததால் ஏற்கெனவே கூண்டில் ஏற்றிவிட்ட மாதிரி இருந்தது. துப்பறிவாளர் கேட்ட எதற்கும் அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. கடைசியில் தலையைத் தூக்கி, "நான் எடுக்கல சார். அதுக்கு மேல எதுவும் கேக்காதீங்க" என்றார்.

அந்த இரண்டாவது வாக்கியம் துப்பறிவாளருக்குப் பிடிக்கவில்லை. தப்பு செய்யாதவன், கேளுங்கள், தேடுங்கள், கண்டுபிடியுங்கள் என்று கத்துவான். செய்தவனும் அப்படித்தான் கத்துவான், இன்னும் கொஞ்சம் சத்தமாக. கேட்காதீர்கள் என்று கெஞ்சுகிறவன் மூன்றாவது ரகம்.

கம்ப்யூட்டருக்கு முன்னால் வந்து உட்கார்ந்ததும் முதலாளியம்மா தன் சாட்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். போன வருடம் அவர் கடவுச்சொல்லை மாற்றியிருந்தார். திங்கட்கிழமை காலை அது ஏற்கவில்லை. அளவுக்காரர் வந்து, எப்போதோ கைவிட்ட பழைய கடவுச்சொல்லை அடித்தார். உடனே திறந்துகொண்டது. ஆக, ராத்திரியோடு ராத்திரியாக மாற்றியவனும் அவன்தான். அடுத்தது திரையில் இருந்த படம். இந்தப் பட்டறையின் காலைப் போட்டுக்கொண்டு பள்ளி மைதானத்தில் ஓடுகிற ஒரு சின்னப் பெண்ணின் படத்தை அவர் வைத்திருந்தார். இப்போது அங்கே அவருடைய கணவர் மேசை முன்னால் உட்கார்ந்து ஒரு ரேடியோவைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அவர் இப்ப இருக்கிற நிலைமையில இந்தப் படத்தை வெச்சிட்டுப் போயிருக்கான் பாருங்க. என்னைக் குத்திக் காட்டத்தான்."

துப்பறிவாளர் படத்தைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். படத்தில் இந்த அறையின் சுவர் நீலம். இப்போது மஞ்சள். எப்போது வெள்ளையடித்தீர்கள் என்று கேட்டதற்கு, கூரை ஒழுகிய பிறகு போன வருடம் என்று பதில் வந்தது. இந்தப் படம் இதற்கு முன்பு திரையில் இருந்ததுண்டா என்று கேட்டார். முதலாளியம்மா ஒரு கணம் யோசித்து, ரொம்ப நாள் முன்பு தானே வைத்திருந்ததாக ஒப்புக்கொண்டார்.

வாயாடி சும்மா இருக்கவில்லை. ஒரு வெற்றுத் தாளை அச்செடுக்கச் சொல்லிப் பார்த்தாள். மூலையில் இருந்த பிரின்டர் அசையவே இல்லை. திரையில் வேறு ஏதோ ஒரு பிரின்டரின் பெயர் வந்து, பதில் இல்லை என்றது. அது பழுதாகித் தூக்கிப் போட்ட பிரின்டர் என்றார் முதலாளியம்மா.

"செத்துப்போன பிரின்டரைத் தேடிக்கிட்டிருக்கு மாமா" என்றாள் வாயாடி. "பாவம், யாரும் இதுக்குத் தகவல் சொல்லல போல."

துப்பறிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். களைப்பாக இருக்கும்போதுதான் அவருக்குச் சில விஷயங்கள் தெளிவாகத் தெரியும்.

"அம்மா, எடுத்துக்கிட்டுப் போறவன் எதையும் திருப்பிக் கொடுத்துட்டுப் போறதில்ல. இங்க இரண்டு வருஷம் காணாமப் போயிருக்கு. ஆனா பழைய கடவுச்சொல் திரும்பி வந்திருக்கு, பழைய படம் வந்திருக்கு, தூக்கிப் போட்ட பிரின்டர்கூட வந்திருக்கு. இது திருடன் பண்ற வேலையா?"

அப்போது அறை வாசலில் தேநீர்த் தட்டோடு ஒருவர் வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, ஆனால் பொத்தான்கள் ஒரு துளை தள்ளிப் போடப்பட்டிருந்தன. படத்தில் இருந்தவர்தான். அக்கம்பக்கத்தில் அவரை ரேடியோக்காரர் என்பார்கள். ஒரு காலத்தில் அவர் கை படாத ரேடியோ அந்தத் தெருவில் கிடையாது. துப்பறிவாளரைப் பார்த்து, மின்சார மீட்டர் பார்க்க வந்தவரா என்று மரியாதையாக விசாரித்தார். பிறகு பட்டறைப் பக்கம் திரும்பி, "மச்சான், நீயும் வந்து குடி" என்று குரல் கொடுத்தார்.

"வரேன் அத்தான்" என்றார் இரட்டைக் கம்பிக்குள் இருந்த அளவுக்காரர்.

வாயாடியின் புருவம் ஏறியது. முதலாளியம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார். தனக்கு ஒரு தம்பி இருந்தான், இறந்து வெகு காலமாயிற்று. நினைவு பிசகிய நாளிலிருந்து கணவருக்கு அளவுக்காரர்தான் அந்த மச்சான். திருத்தினால் அன்று முழுக்கச் சாப்பிட மாட்டார். அதனால் அளவுக்காரரே முதல் நாளிலிருந்து அத்தான் என்று கூப்பிட்டுப் பழகிவிட்டார். சொல்லி முடித்ததும், திருடனைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லிவிட்டோமே என்று நினைத்தவர் போல, கோப்பைகளைச் சத்தம் வர இறக்கி வைத்தார்.

கணவரால் பட்ட பாட்டையும் அவர் போகிற போக்கில் சொன்னார். அடுப்பை அணைக்காமல் விட்டது, போன மாதம் பட்டறையின் தேய்ப்பு இயந்திரத்தைப் பிரித்துப் போட்டு ஒரு வேலையாளின் விரல் போகப் பார்த்தது. அன்றைக்கு ஆத்திரத்தில் எல்லார் முன்னாலும், இனி ஒரு கருவியைத் தொட்டால் உங்களை முதியோர் இல்லத்தில் விட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டார். கருவிப் பெட்டியைப் பூட்டிச் சாவியையும் ஒளித்து வைத்தாயிற்று.

துப்பறிவாளர் கோப்பையை வைக்க இடம் தேடினார். சன்னலோரம் ஒரு பழைய ரேடியோ முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அதன் பின்மூடியில் நான்கு திருகாணிகள். ஒவ்வொன்றின் தலையிலும் இருந்த கூட்டல் குறி ஒரு பக்கமும் சாயாமல் நிமிர்ந்து நின்றது. யாரோ ஒருவர் இறுக்கி முடித்த பிறகும் பொறுமையாக ஒரு மயிரிழை திருப்பி நேராக்கியிருக்கிறார். யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைக்காமல் செய்த வேலை.

அவர் தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, முனகலோடு மண்டியிட்டு, மேசைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"இந்தப் பெட்டி எப்பவுமே இவ்வளவு அமைதியா இருக்குமா?"

இல்லை என்றார் முதலாளியம்மா. போன வாரம் வரை கொசு பாடுகிற மாதிரி ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் தினமும் தலைவலி. இப்போதுதான், இந்தக் கலவரத்தில், அது நின்றிருப்பதையே அவர் கவனிக்கிறார்.

துப்பறிவாளர் எழுந்திருக்க வாயாடி கைகொடுத்தாள். அவள் காதில், "வெளியே வா" என்று மட்டும் சொன்னார்.

மாடிப்படியில் அவர் உட்கார்ந்துகொண்டார். பெட்டியைத் திறந்து துடைத்திருக்கிறார்கள், திறந்ததால் இரண்டு வருடம் தொலையுமா என்று கேட்டார். வாயாடி உள்ளே ஓடிப் போய் முதலாளியம்மாவிடம் ஏதோ விசாரித்துவிட்டு வந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"மாமா, இரண்டு வருஷத்துக்கு முன்னால ஹார்ட் டிஸ்க்ல இடம் தீர்ந்துபோச்சாம். ரிப்பேர்க்காரர் புதுசு ஒண்ணு போட்டு, பழசுல இருந்த எல்லாத்தையும் அப்படியே நகல் எடுத்திருக்கார். பழசைக் கழட்டல. உள்ளயே கிடக்கட்டும்னு விட்டுட்டுப் போயிருக்கார்."

"இருந்தா?"

"பெட்டி தூங்கி எழுந்ததும் அதுக்கு ஒண்ணுமே தெரியாது. தான் யாருன்னுகூடத் தெரியாது. முதல்ல ஒரு குட்டி புரோகிராம்தான் கண்ணைத் திறக்கும். அது ஒவ்வொரு கதவாத் தட்டி, உள்ள யாருன்னு கேக்கும். முதல் கதவுல பதில் சொல்றவர் ஒண்ணாம் நம்பர், அடுத்த கதவுல இருக்கிறவர் ரெண்டாம் நம்பர். முகத்தைப் பார்க்காது மாமா, நிக்கிற இடத்தைத்தான் பார்க்கும். ஒண்ணாம் நம்பர் கையில வீட்டுச் சாவியைக் கொடுத்துட்டு, என் வேலை முடிஞ்சதுன்னு போயிடும்."

"தூசி தட்டினவர் வயரைக் கழட்டி மாத்திச் செருகியிருந்தா?"

"ரெண்டு வயரும் ஒரே நிறம், ஒரே மூக்கு. மாத்திச் செருகினா பழைய டிஸ்க் முதல் கதவுக்கு வந்துடும். சாவி அதுக்குப் போயிடும். அதுக்குத் தெரிஞ்சது இரண்டு வருஷத்துக்கு முன்னால நடந்தது மட்டும்தான். பழைய கடவுச்சொல், பழைய படம், செத்த பிரின்டர். தேதி மட்டும் இன்னைக்குத் தேதியா இருக்கும், ஏன்னா கடிகாரம் வேற இடத்துல இருக்கு. அதனாலதான் யாருக்கும் சந்தேகம் வரல."

புதிய டிஸ்க் எங்கே போயிற்று என்றார் அவர்.

"உள்ளயேதான் இருக்கு. நகல் எடுக்கும்போது அடையாள எண்ணையும் சேர்த்து நகல் எடுத்துட்டாங்க. ஒரே எண்ல ரெண்டு பேர் வந்து நின்னா, பின்னால வந்தவரைப் பெட்டி ஓரமா உட்கார வெச்சிடும். திரையில காட்டாது. ஒரு அளவும் அழியல மாமா. இரண்டு வருஷமும் இருட்டுல உட்கார்ந்திருக்கு, கூப்பிட ஆள் இல்லாம."

துப்பறிவாளர் சிரிக்கவில்லை. பாதி வேலைதான் முடிந்திருந்தது. அளவுகளைக் கண்டுபிடித்தாயிற்று. திறந்தது யார் என்று கேள்வி வரும். வந்தால், ரேடியோவில் இருந்தது போலவே பெட்டியின் முதுகிலும் நேராக நின்ற நான்கு கூட்டல் குறிகள் பதில் சொல்லும்.

அவர் திரும்பிப் போய் அளவுக்காரருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். யார் என்று கேட்கவில்லை. "ரேடியோக்காரர் அந்தப் பெட்டியைத் திறந்தப்ப நீங்க எங்க நின்னீங்க?" என்று கேட்டார்.

அளவுக்காரரின் கைகள் கம்பியை இறுக்கின. பாதிப் பாதியாகச் சொன்னார். ஒரு பிள்ளையின் காலை முடித்துக் கொடுக்க ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கிறார். அலுவலக அறையில் பெட்டி திறந்து கிடந்தது. பேனா மாதிரி சட்டைப் பையில் செருகி வைத்திருந்த சின்ன ஸ்க்ரூடிரைவர் அத்தானின் கையில். ஒரு வண்ணத் தூரிகையால் தூசியைத் துடைத்துக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இவர் நெருங்குவதற்குள் மூடித் திருகியும் முடித்துவிட்டார். மறுநாள் அளவுகள் இல்லை. அழித்தது அவர்தான் என்று அளவுக்காரர் நினைத்துக்கொண்டார்.

"அழிஞ்சது அழிஞ்சு போச்சு சார். அளவை மறுபடியும் எடுத்துக்கலாம். அத்தானை இல்லத்துல கொண்டுபோய் விட்டுட்டா, அவரை எங்க போய் எடுக்கிறது?"

"உங்களைப் போலீஸ்ல கொடுப்பாங்களே."

"எடுத்தது நான் இல்லன்னு எனக்குத் தெரியும். அவருக்கு எதுவுமே தெரியாதே." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அந்த நிறுவனத்துல கூப்பிட்டாங்கன்னுதான் சொன்னேன். போறேன்னு சொல்லவே இல்ல. அதுக்குள்ள அம்மா எழுந்து போயிட்டாங்க" என்றார். சொல்லிவிடாதீர்கள் என்று மறுபடியும் கேட்டுக்கொண்டார்.

துப்பறிவாளர் கொஞ்ச நேரம் அந்தக் குழந்தைக் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லி ஒருவரைக் காப்பாற்றுவது அவருக்கு வராது. உண்மையைச் சொல்லி ஒருவரை நொறுக்குவது இந்தத் தொழிலில் நிறையப் பழகிவிட்டது, அதில்தான் அலுப்பு. உள்ளே போவதற்கு முன் கண்ணை மூடி ஒரு வார்த்தை வேண்டிக்கொண்டார். குட்டி புரோகிராமின் கதை மனதில் வந்தது. எதை முதல் கதவில் நிறுத்துகிறோமோ, சாவி அதன் கைக்குத்தான் போகும்.

"அம்மா, ஒண்ணும் தொலையல" என்று ஆரம்பித்தார். "பிள்ளைங்க அளவு மொத்தமும் அந்தப் பெட்டிக்குள்ளயே இருக்கு."

முதலாளியம்மா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கதவு, சாவிக் கதையை வாயாடி இரண்டே நிமிடத்தில் சொல்லி முடித்தாள். அவள் வாழ்க்கையில் அதுவே மிகச் சுருக்கமான பேச்சு.

"ரெண்டாவது" என்றார் துப்பறிவாளர். "அந்தச் சத்தத்துல உங்களுக்குத் தினமும் தலைவலின்னு ஒருத்தர் கவனிச்சிருக்கார். அதை நிறுத்தணும்னு தோணி, யார்கிட்டயும் சொல்லாம பெட்டியைத் திறந்து தூசியைத் துடைச்சிருக்கார். துடைச்சது நல்லாத்தான் துடைச்சார். வயரைத் திரும்ப மாட்டும்போது மட்டும் இடம் மாறிப்போச்சு. அவர் யாருன்னு, வெளிய கம்பிக்கு நடுவுல இருக்கிற உங்க தம்பிக்குத் தெரியும். தெரிஞ்சும் ஜெயிலுக்குப் போகத் தயாரா உட்கார்ந்திருக்கார், ஏன்னா நீங்க ஒரு நாள் கோபத்துல சொன்னதை அவர் நம்பிட்டார்."

முதலாளியம்மா சன்னலோர ரேடியோவைப் பார்த்தார். அதன் முதுகில் நேராக நின்ற நான்கு கூட்டல் குறிகளை, இத்தனை வருடம் கூடவே வாழ்ந்தவருக்கு, யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஏதாவது கோபமாகச் சொல்வார் என்று வாயாடி பயந்தாள்.

"எனக்குத் தலைவலின்னு அவருக்கு ஞாபகம் இருந்துச்சா?" என்றுதான் அவர் கேட்டார்.

பதிலுக்குக் காத்திருக்காமல் அவர் எழுந்தார். 'டக்' என்று கேட்டது. அடுத்த அறையில் கணவர் காலிக் கோப்பைகளைத் துடைத்துத் துடைத்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். முதலாளியம்மா அவர் சட்டைப் பொத்தான்களை அவிழ்த்துச் சரியான துளைகளில் போட்டுவிட்டார். அப்போது பையில் இருந்த ஸ்க்ரூடிரைவர் கையில் தட்டுப்பட்டது. அதை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"என்னங்க, இந்தப் பெட்டியைக் கொஞ்சம் திறந்து தாங்களேன்."

ரேடியோக்காரர் அவரைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு கருவியின் கனத்தைக் கை புரிந்துகொண்டது. மின்சார வயரைப் பிடுங்கச் சொன்னது அவர்தான், வாயாடி அல்ல. நான்கு திருகாணிகளையும் கழற்றி, கழற்றிய ஒழுங்கிலேயே ஒரு சாசரில் வைத்தார். எந்த வயர் எங்கே போக வேண்டும் என்று வாயாடி காட்ட, அவர் மாற்றிச் செருகினார். விரல் நடுங்கவே இல்லை.

பெட்டி விழித்தது. திரையில் கடவுச்சொல் கேட்டது. முதலாளியம்மா புதியதை அடித்தார். மஞ்சள் வெயிலில், பள்ளி மைதானத்தில், அந்தச் சின்னப் பெண் ஓடிக்கொண்டிருந்தாள்.

வாசலில் நின்ற அளவுக்காரர் கதவுநிலையில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். முதலாளியம்மா அவரிடம் போனார்.  அவர் புருவத்தில் இருந்த மாவுக்கட்டுத் தூளைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, "வெள்ளிக்கிழமை நீ ஏதோ சொல்ல வந்தியே தம்பி. முழுசா சொல்லு. இந்தத் தடவை எழுந்து போகல" என்றார்.

இனி இந்தக் குழப்பம் வராமல் இருக்கப் பழைய டிஸ்க்கைக் கழற்றி எறிந்துவிடலாமா என்று வாயாடி கேட்டாள். அல்லது அதற்கு வேறு அடையாள எண் கொடுத்து, இடத்தைப் பார்க்காமல் எண்ணைப் பார்த்துச் சாவி கொடுக்கும்படி அந்தக் குட்டி புரோகிராமுக்குச் சொல்லிவிடலாம். அப்புறம் யார் எங்கே நின்றாலும் ஆபத்தில்லை. முதலாளியம்மா சற்று யோசித்தார். அதில் இருந்த நீலச் சுவர்ப் படம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"இருக்கட்டும். அதுவும் உள்ளயே இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

மேசைக்கு அடியில், ரேடியோக்காரர் கடைசித் திருகாணியை இறுக்கி முடித்து, ஒரு மயிரிழை திருப்பிவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "மச்சான், நேரா இருக்கா?"

"நேரா இருக்கு அத்தான்."

முதலாளியம்மா கணவரின் பக்கத்தில் சிரமப்பட்டுத் தரையில் உட்கார்ந்தார். "அடுத்த தடவை இந்தப் பெட்டி கத்தினா என்னைக் கூப்பிடுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து திறப்போம்."

ரேடியோக்காரர் அன்போடு அவரைப் பார்த்தார்.

"எந்தப் பெட்டி?" என்றார்.

துப்பறிவாளர் சத்தம் காட்டாமல் வெளியே வந்து, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படி இறங்க ஆரம்பித்தார். முழங்கால் வலி அப்படியேதான் இருந்தது. ஆனால் கீழே போய்ச் சேருவதற்குள் அவருக்கு ஒன்று உறைத்தது. அந்த வீட்டில் இன்றைக்கு எல்லார் கதவையும் தட்டிப் பார்த்தாயிற்று, கெட்டவர் என்று யாரும் பதில் சொல்லவில்லை.